எர்த் போல்ட்

கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற ஒயர்க்காரர் பட்டறைக்கும் என் கடைக்கும் நடுவில் ஓர் அரைச்சுவர்தான். நான் கார்களுக்கு சீட் தைக்கிறவன். மிஷினில் குனிந்தால் ரெக்சின், நிமிர்ந்தால் ஒயர்க்காரர் என்று பாதி ஆயுள் ஓடிவிட்டது. அவர் வீட்டு விஷயம் எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. அதற்காக ஒட்டுக்கேட்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருத்தர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டும் இன்னொருத்தர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டும் குடும்பம் நடத்தினால் கத்தித்தான் பேசியாக வேண்டும். காதைப் பொத்திக்கொண்டு என்னால் சீட் தைக்க முடியாது.

ஸ்டீயரிங் முன்னால் உட்காருகிறவர் அவருடைய மனைவி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு என்பதால் அடுப்பை அணைத்த கையோடு வந்து காரில் ஏறிவிடுவார். ஒயர்க்காரர் டெஸ்ட் லைட்டைப் பிடித்துக்கொண்டு "போடு" என்பார். அண்ணி சாவியைத் திருப்புவார். "அணை" என்பார். அண்ணி அணைப்பார். ஒயர்க்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். ரிலே 'டிக்' என்று தட்டுகிற சின்னச் சத்தமெல்லாம் அவருக்கு எட்டாது. "தட்டுச்சா?" என்று கேட்பார். "தட்டுச்சு" என்றோ "தட்டலை" என்றோ பதில் வரும். அந்தப் பதிலில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை.

கடைசி வேலையும் அண்ணியுடையதுதான். சுரண்டின தகட்டிலும் முடுக்கின போல்ட் தலையிலும் துரு ஏறாமல் இருக்க ஒரு தொடு பெயிண்ட் வைப்பார். பட்டறைக் கதவுக்கு என்று எப்போதோ வாங்கின பச்சைப் பெயிண்ட் அது. கதவு இன்றுவரை பெயிண்டைப் பார்க்கவில்லை. டப்பா மட்டும் கார் காராகத் தீர்ந்துகொண்டிருந்தது. பானெட்டைத் தூக்கினால் எங்கேயாவது ஒரு பச்சைப் புள்ளி தெரிந்ததென்றால், அது இந்தத் தம்பதியின் கை பட்ட வண்டி.

அவர்களுக்கு ஒரே பையன். ஹாரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நடக்கப் பழகின வயதில், ரிப்பேருக்கு வந்த காரில் ஏறி ஹாரனை அமுக்கியவன், கையை எடுக்க மாட்டேன் என்று அப்படி ஓர் அடம் பிடித்தான். அன்றைக்கு ஒட்டிய பெயர். வளர்ந்து சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டினான். தெருமுனையில் திரும்பும்போதே ரெண்டு தடவை அடிப்பான். "வந்துட்டாரு மகாராஜா" என்று அண்ணி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வாசலுக்கு வருவார். கல்யாணம் ஆன பிறகும் அந்த ரெண்டு ஹாரன் நிற்கவில்லை. இப்போது வாசலுக்கு ரெண்டு பேர் வந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடையின் தொடக்கத்தில் அவன் போய்விட்டான். சவாரியை இறக்கிவிட்டு பெரிய ரோட்டில் திரும்பி வரும்போது எஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறான். பிடித்துக்கொண்டு திரும்பும்போது லாரி அடித்துவிட்டது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஓரமாக நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் ஒன்று சொன்னான். "சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போன பிறகும் ஓட்டியிருக்கான். பார்க்கவே இல்ல போல." சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அந்த நேரத்தில் ஹாரன் தன் பெண்டாட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான் என்பதும், அது கொஞ்சல் பேச்சில்லை, சண்டை என்பதும் பிறகு தெரிந்தது. மறைக்கத் தெரியாத பெண். கேட்டவர்களிடமெல்லாம் அவளேதான் அழுதுகொண்டு சொன்னாள்.

"இவ காதுல கத்திக்கிட்டே இருந்தா எம்புள்ள எங்க முள்ளைப் பார்ப்பான்? கொன்னுட்டாளே" என்றார் அண்ணி, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும். மருமகளோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தட்டில் போட்டு நகர்த்தி வைப்பதோடு சரி. மருமகளும் பிறந்த வீட்டுக்குப் போகாமல், அந்தத் தட்டை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தாள். எனக்கு அண்ணிமேல் கோபம் வரும். மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்த்தால் அந்தக் கோபமும் போய்விடும்.

ஒருநாள் மருமகள் ஒயர்க்காரர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, வண்டியை நான் ஓட்டுறேன். அவரு எனக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரு. லைசென்ஸும் இருக்கு."

ஒயர்க்காரர் கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தார். "சரிம்மா" என்றார்.

எஞ்சின் வேலையெல்லாம் முடிந்து கார் வந்தது. கொண்டுவந்து விட்ட மெக்கானிக், "அண்ணே, ஃபேன் ஓடலை. நான் கை வைக்கலை, அது உங்க டிபார்ட்மென்ட்" என்றான். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற மின்விசிறி அது. தண்ணீர் ஓர் அளவுக்குமேல் சூடானால் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றாததால்தான் எஞ்சின் கொதித்திருக்கிறது. அதுவரைக்கும் தெரிந்த சங்கதிதான். ஏன் சுற்றவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நல்ல மத்தியானம். தகரக்கூரை அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. நான் மிஷினை நிறுத்திவிட்டு அரைச்சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"உள்ள யாராச்சும் உட்காரணுமே" என்றார் ஒயர்க்காரர், யாரையும் பார்க்காமல்.

"அந்த சீட்ல உட்கார என்னால ஆகாது" என்று அண்ணி வீட்டுக்குள் போய்விட்டார்.

"நான் உட்காருறேன் மாமா."

அந்த சீட்டை நான்தான் தைத்தேன். அவன் சாய்கிற இடம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மருமகள் அதில் முதுகு படாமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஒயர்க்காரர் ஃப்யூஸ்களைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு ரிலே. கையடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி. ஃபேனுக்கு அதுதான் கரண்டைத் திறந்துவிடுகிறது.

"இது நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிண்ணே பார்ப்பீங்க?" என்றேன். பேச்சுக் கொடுக்காவிட்டால் அந்த மனிதர் அங்கேயே உறைந்துவிடுவார் போலிருந்தது.

"பக்கத்துல அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு பாரு தம்பி. ரெண்டும் ஒரே ஜாதி. ஃபேனோடதைப் பிடுங்கி அதுல மாட்டி அடிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடும்." எதில் என்பதை அவர் சொல்லவில்லை. மாட்டிவிட்டு, "அமுக்கும்மா" என்றார்.

மருமகள் அமுக்கினாள். ஹாரன் அலறியது.

மந்தக் காதோ, அல்லது கேட்டும் மனசு வாங்கவில்லையோ, "அடிச்சுதா?" என்றார். அவள் இன்னொரு தடவை அமுக்கினாள்.

ரெண்டு தடவை. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அண்ணி ஓடிவந்தார். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல், முகமெல்லாம் மலர்ந்துபோய் வாசலுக்கு ஓடிவந்தார். பானெட்டைத் தூக்கிய காரையும் உள்ளே உட்கார்ந்திருந்தவளையும் பார்த்த பிறகுதான் நின்றார். அந்த முகம் அணைந்ததை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அண்ணி திரும்பி உள்ளே போகவில்லை. கதவில் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டார்.

"ரிலே நல்லாத்தான் இருக்கு" என்றார் ஒயர்க்காரர் கடைசியில்.

பேட்டரியிலிருந்து நேராக ரெண்டு ஒயரை இழுத்து ஃபேனில் கொடுத்தார். விர்ரென்று சுற்றியது. ஆக, ஃபேன் மோட்டாரும் நல்லது. "எல்லாமே நல்லா இருந்தா அப்புறம் எதுக்கு ஓடலை?" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணும்மா. சூடாகட்டும். முள்ளு எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டே இரு."

எஞ்சின் ஓடியது. அனலோடு அனலாக நாங்கள் காத்திருந்தோம். மருமகள் மீட்டர் கண்ணாடிக்குக் கிட்டே முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏற ஆரம்பிச்சுடுச்சு மாமா... கால்வாசிக்கு வந்துடுச்சு... பாதி வரப்போகுது..."

ஒயர்க்காரர் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"தட்டுச்சு" என்றார் அண்ணி.

வாசலில் நின்றுகொண்டு, பழக்கத்தில், அவரை அறியாமல் வந்த வார்த்தை. ரிலே தட்டிவிட்டது. ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை.

"மாமா, முள்ளு இறங்குது!"

"ஏறுதுன்னு சொல்லு."

"இல்ல மாமா, இறங்குது. அப்படியே கீழ போயிடுச்சு. பச்சைத் தண்ணி மாதிரி காட்டுது."

"அணை! அணை!" என்று கத்தினார் ஒயர்க்காரர்.

டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டிவிட்டு, ஊசியை ஃபேனுக்குப் போகிற கறுப்பு ஒயரில் வைத்தார். பளிச்சென்று எரிய வேண்டியது, எரிந்தும் எரியாமல் மினுங்கியது.

"எர்த் இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து, என்னிடம் சொல்கிற மாதிரி மருமகளுக்குச் சொன்னார். "போன கரண்டு திரும்பி வண்டி பாடிக்கு வரணும் தம்பி. அந்த வழிக்குப் பேருதான் எர்த். வழி அடைச்சிருந்தா ஃபேன் சுத்தாது. ஃபேனுக்கும் முள்ளுக்கும் நான் ஒரே போல்ட்லதான் எர்த் குடுத்திருந்தேன். பழைய இடம் துருப்பிடிச்சுப் போச்சுன்னு புது இடமாச் சுரண்டி ரெண்டு ஒயரையும் ஒண்ணாச் சேர்த்து முடுக்கினேன். ஃபேன் எப்பச் சுத்தப் பார்க்குதோ, அப்ப அந்த வழியில நெரிசல். முள்ளு கீழ விழுந்துடுது. எஞ்சின் கொதிக்கக் கொதிக்க முள்ளு குளுகுளுன்னு காட்டுது."

மருமகள் காரைவிட்டு இறங்கியிருந்தாள். "அப்ப அவரு முள்ளைப் பார்த்திருந்தாலும்..."

"பார்த்திருப்பான்ம்மா. பார்த்துக்கிட்டேதான் வந்திருப்பான். அது அவனுக்குப் பொய்யைக் காட்டியிருக்கு. அவன் மேல தப்பில்ல. நீ பேசினதுலயும் தப்பில்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. இத்தனை நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைக்க இடம் தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது.

ஒயர்க்காரர் ஹெட்லைட்டுக்குக் கீழே கையை விட்டு அந்த போல்ட்டைத் தேடினார். பச்சைத் தலையோடு அது தெரிந்தது. ஸ்பேனரைப் போட்டதும் சுலபமாகக் கழன்று வந்தது. ரெண்டு கறுப்பு ஒயர்களையும் நகர்த்தினார். நான் சுவர்மேல் எக்கிப் பார்த்தேன்.

அடியிலும் பச்சை. சுரண்டின தகடு முழுக்க, ஓரம் பிசகாமல், திட்டு இல்லாமல், அழகாகப் பூசியிருந்தது. வாஷரின் அடிப்பக்கம்கூடப் பச்சை. இரும்பை இரும்பு தொட வேண்டிய இடத்தில் நடுவில் பெயிண்ட் காய்ந்து கிடந்தது.

அந்த போல்ட்டை முடுக்கின நாளின் காலை நேரம் எனக்கு ஞாபகம் வந்தது. மழை விட்டிருந்தது. ஹாரனுக்கு ஏதோ அவசர சவாரி. ஒயர்க்காரர் போல்ட்டை முடுக்கி, ஃபேனை ஓட்டிக் காட்டிவிட்டு, "பூசிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அண்ணி ஸ்பேனரும் பிரஷ்ஷுமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, முடுக்கின போல்ட்டை மறுபடி கழற்றிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணி, போல்ட்டுக்கு அலங்காரமா?" என்று நான் சீண்டினேன். "மேல மட்டும் பூசினா அடியில துரு ஏறிடும் தம்பி. ஊரான் வண்டின்னா ஒரு தொட்டு வச்சு அனுப்பிடலாம். இது எம்புள்ள வண்டி" என்றார். பெயிண்ட் காய்வதற்குள் முடுக்கினார். போல்ட்டின் திருகு மரை உள்ளே எங்கேயோ தொட்டுக்கொண்டிருந்ததால் கொஞ்ச காலம் ஃபேன் ஓடியிருக்கிறது. பிறகு பெயிண்ட் இறுகி, வண்டி அதிர்ந்து அதிர்ந்து போல்ட் லேசாகத் தளர்ந்து, அந்தத் தொடுப்பும் விட்டுப்போயிருக்கிறது.

ஒயர்க்காரர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். போல்ட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"அவன் இல்ல, அவளும் இல்லைன்னா..." அண்ணி வாசலிலிருந்து இறங்கி வந்தார். "பின்ன யாரு?"

ஒயர்க்காரர் மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"உங்களைத்தான் கேக்குறேன். எம்புள்ளையை யாரு கொன்னது?"

"நான்தான்" என்றார் அவர். "சேர்க்கக் கூடாததை ஒரே போல்ட்ல சேர்த்தேன். அவசரத்துல பெயிண்ட் மேலயே வச்சு முடுக்கிட்டேன். என் தப்பு. போ, உள்ள போ."

ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்தது அவர்தான். அதனால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்த மனிதருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அண்ணி கிட்டே வந்து, அவர் கையைப் பிடித்து, விரல் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பச்சையாக இருந்த வாஷரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து தகட்டைப் பார்த்தார்.

"நீங்க என்னைக்குங்க பிரஷ்ஷைத் தொட்டீங்க?" என்றார்.

குரல் உயரவே இல்லை. அப்படியே பம்பருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடியிலயும் பூசினேனே. யாருக்கும் செய்யாததை எம்புள்ளைக்குன்னு செஞ்சேனே. இவளை என்னென்ன பேசினேன்... ஐயோ, என்னென்ன பேசினேன்!"

மருமகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "விடுங்க அத்தை. உங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு அந்தப் பச்சையை எவ்வளவு பெருமையாச் சொல்வாரு தெரியுமா? வண்டியில ஏறுறவங்ககிட்டல்லாம் பானெட்டைத் தூக்கிக் காட்டுவாரு. 'எங்கம்மா கை வச்சது, இதுல துருவே பிடிக்காது'ன்னு..."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதைவிடக் கொடுமையாக எதையும் யாரும் அப்போது சொல்லியிருக்க முடியாது. அண்ணி போட்ட சத்தத்தில் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் சுவர் ஏறிக் குதித்துப் போய் பட்டறைக் கதவைச் சாத்தினேன். செய்வதற்கு எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. ஒயர்க்காரர் காரைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்.

அழுது ஓய்வதற்கும் ஒரு நேரம் பிடிக்கிறது. வெயில் தணிந்துவிட்டது. யாரோ டீ வாங்கிவரச் சொன்னார்கள், நான்தான் போய் வாங்கி வந்தேன், யாரும் குடிக்கவில்லை. ஒயர்க்காரர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குனிந்தபோது, அண்ணி எழுந்து வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினார்.

தேய்த்தார். பச்சை மாவாக உதிர்ந்து விரலெல்லாம் ஒட்டியது. தகடு வெள்ளையாகப் பளிச்சிட்ட பிறகும் விடாமல் தேய்த்தார். வாஷரைத் தேய்த்தார். போல்ட்டின் மரைக்குள் கம்பி பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தார். "போதும்" என்று ஒயர்க்காரர் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. கடைசியில் ஒயர்களை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார்.

"போடும்மா" என்றார்.

யாரிடம் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் எங்களுக்கே விளங்கவில்லை. மருமகள் எழுந்து போய் சாவியைப் போட்டாள். முள் ஏறியது. பாதியைத் தாண்டியது. ரிலே தட்டியது. அண்ணி அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஃபேன் சுற்றிய சத்தம் ஒயர்க்காரருக்கே கேட்டது.

"முள்ளு சரியாக் காட்டுது அத்தை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அண்ணி "ம்" என்றார். எஞ்சினிலிருந்து வீசுகிற சூட்டைவிட்டு நகராமல் அங்கேயே நின்றார்.

இப்போது மருமகள்தான் அந்தக் காரை ஓட்டுகிறாள். நன்றாகவே ஓட்டுகிறாள். எங்கள் தெருவுக்குள் மட்டும் அவள் ஹாரன் அடிப்பதில்லை. சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் அண்ணி ஸ்பேனரோடு வந்துவிடுவார். பானெட்டைத் தூக்கி, ஹெட்லைட்டுக்குக் கீழே கையை விட்டு, அந்த போல்ட்டை முடுக்கிப் பார்ப்பார். அது தளர்ந்திருந்ததே இல்லை. மருமகள் இறங்காமல், அவர் பார்த்து முடிக்கிறவரைக்கும் சீட்டிலேயே காத்திருப்பாள். இப்போது முதுகு சாய்த்துத்தான் உட்காருகிறாள்.

போன வாரம் ஒயர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சுத்தியும் துரு ஏறுது பாரு. முடுக்கினதுக்கு மேல கொஞ்சம் கிரீஸ் தடவிடவா? அதனால ஒண்ணும் ஆகாது."

"வேண்டாம்" என்றார் அண்ணி. "பிடிக்கட்டும். துருன்னா என் கண்ணுக்குத் தெரியும்."

பானெட்டை மெதுவாக இறக்கி, ரெண்டு கையாலும் அமுக்கி மூடினார்.